உறுமுகிற நாயை அடிக்காதீர்கள்!

'எங்கள் தோட்டத்தில் இரண்டு வயது நாட்டு நாய் ஒன்று இருக்கிறது. ஆட்டுப்பட்டிக்கு நல்ல காவல். ஆனால், சோறு வைத்த பிறகு யார் பக்கத்தில் போனாலும் உறுமுகிறது. போன வாரம் ஐந்து வயதுப் பேரனைப் பார்த்தும் உறுமிவிட்டது. கம்பை எடுத்து நாலு போடு போட்டால் அடங்கிவிடும் என்கிறார்கள். செய்யலாமா?'

வாசகர் ஒருவரின் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்வதென்றால், செய்யவே கூடாது. ஏன் கூடாது என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகப் பார்க்க வேண்டியிருக்கிறது. காரணம், நாயின் வாய் இருக்கும் உயரமும் ஐந்து வயதுப் பிள்ளையின் முகம் இருக்கும் உயரமும் கிட்டத்தட்ட ஒன்று. பெரியவர்களை நாய் காலில் கடிக்கும். குழந்தைகளுக்கு முகத்திலும் கழுத்திலும் கடி விழும்.

உறுமல் என்பது நாய் நமக்குக் கொடுக்கும் முன்னறிவிப்பு. 'இதற்கு மேல் வராதே' என்று சொல்ல அதற்கு இருக்கும் வழி அதுதான். கம்பால் அடித்தால் உறுமுவது நிற்கும், உண்மைதான். ஆனால் உறுமலுக்குக் காரணமான பயமும் பதற்றமும் நிற்காது. சோறு பறிபோய்விடும் என்ற பயத்தோடு, 'இந்தப் பையன் வந்தால் அடியும் விழும்' என்ற பயமும் சேர்ந்துகொள்ளும். அடுத்த முறை பையன் பக்கத்தில் போனால் நாய் சத்தம் போடாது. நேராகக் கடித்துவிடும். 'நேற்று வரை நன்றாக இருந்த நாய், ஒரு சத்தம்கூட இல்லாமல் திடீரென்று பாய்ந்துவிட்டது' என்று சொல்லும் வீடுகளில் விசாரித்துப் பார்த்தால், அந்தச் சத்தம் முன்பு எப்போதோ அடித்து அடக்கப்பட்டிருக்கும்.

எல்லா உறுமலும் ஒன்றல்ல

கேட்பதற்கு எல்லாம் 'உர்ர்ர்' என்றுதான் இருக்கும். ஆனால் நாய்களுக்கு வித்தியாசம் நன்றாகத் தெரியும். ஹங்கேரி நாட்டின் புடாபெஸ்ட் நகரில் உள்ள பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதைச் சோதித்து 2010-ல் வெளியிட்டார்கள். எலும்பைக் காக்கும்போது உறுமுவது, அந்நியரைப் பார்த்து உறுமுவது, விளையாட்டில் உறுமுவது என மூன்றையும் பதிவு செய்துகொண்டார்கள். பிறகு ஓர் அறையில் எலும்பைப் போட்டு, அதன் பின்னால் ஸ்பீக்கரை மறைத்து வைத்து, வேறு நாய்களை உள்ளே விட்டார்கள். எலும்பை நெருங்கும் நேரத்தில் ஒலியைப் போட்டார்கள். எலும்புக் காவல் உறுமலைக் கேட்ட நாய்கள்தான் அதிகமாகப் பின்வாங்கின. அந்நியரை மிரட்டும் உறுமல் நம் காதுக்கு ஏறக்குறைய அதே போல் இருந்தாலும், 'இது எலும்பைப் பற்றிய பேச்சு இல்லை' என்பது அவற்றுக்குப் புரிந்திருக்கிறது.

மனிதர்களுக்கும் ஓரளவு புரிகிறது. அதே ஆய்வுக்குழு 40 பேருக்கு உறுமல் பதிவுகளைப் போட்டுக் காட்டி, 2017-ல் முடிவை வெளியிட்டது. 63 சதவிகிதம் சரியான பதில். விளையாட்டு உறுமலைக் கண்டுபிடிப்பது எளிதாக இருந்தது. மிரட்டலையும் சோற்றுக் காவலையும்தான் மாற்றி மாற்றிச் சொன்னார்கள். ஆண்களைவிடப் பெண்கள் கூடுதலாகச் சரியாகச் சொன்னார்கள். தினமும் சோறு வைப்பவர் யாரோ, அவர் பேச்சைக் கொஞ்சம் கேட்பது வீட்டுக்கு நல்லது.

காதை மட்டும் நம்பக் கூடாது, உடம்பையும் பார்க்க வேண்டும். சோற்றைக் காக்கும் நாய் தலையை வட்டிலுக்கு மேல் தாழ்த்தி, அப்படியே உறைந்து நிற்கும். தலையைத் திருப்பாமல் ஓரக்கண்ணால் பார்க்கும். கண்ணின் வெள்ளை தெரியும். சில நாய்கள் திடீரென்று அவசர அவசரமாக விழுங்கத் தொடங்கும். உறுமல் அடித்தொண்டையில் இருந்து நீளமாக வரும். குட்டி போட்டிருக்கும் பெட்டை நாயின் உறுமலும் இதே ரகம்தான். இந்த 'உறைந்து நிற்பது' இருக்கிறதே, அதுதான் கவனிக்க வேண்டிய முக்கிய அடையாளம். உறுமல் அடக்கப்பட்ட நாயிடம்கூடப் பெரும்பாலும் இது மிஞ்சியிருக்கும்.

அந்நியரைப் பார்த்து உறுமும் நாய் முன்னால் சாய்ந்து நிற்கும். பிடரி மயிர் எழும்பும். வால் விறைப்பாக மேலே இருக்கும். வால் ஆடுகிறதே என்று பக்கத்தில் போகிறவர்கள் உண்டு. விறைப்பான வால் நுனி மட்டும் ஆடினால் அது வரவேற்பு இல்லை.

பயந்த நாயின் உறுமல் வேறு. வால் கால்களுக்கு இடையில் போயிருக்கும், காது பின்னால் ஒட்டியிருக்கும். உறுமிக்கொண்டே பின்வாங்கும். நமக்கு அதைப் பார்த்தால் 'கோழை நாய்' என்று சிரிப்பு வரும். ஆனால், பின்வாங்க இடம் இருக்கும் வரைதான் அது பின்வாங்கும். திண்ணை மூலையில் ஒதுக்கினாலோ, இரண்டு முழச் சங்கிலியில் கட்டிப்போட்டிருந்தாலோ, அதற்கு மிஞ்சியிருக்கும் வழி கடிப்பதுதான். கட்டிப்போட்ட நாயிடம் குழந்தைகளை விடக் கூடாது என்பது இதனால்தான்.

விளையாட்டு உறுமல் சின்னச் சின்னதாக, வேகமாக, திரும்பத் திரும்ப வரும். உடம்பு தளர்வாக இருக்கும். முன்னங்காலை நீட்டிப் படுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஆட்டும். சாக்கைப் பிடித்து இழுத்து உறுமும். இதற்குப் பயப்பட வேண்டியதில்லை.

வலி உறுமலைத்தான் பலரும் தவறவிடுகிறார்கள். இதுவரை உறுமாத நாய், தொட்டால் உறுமுகிறது என்றால் முதலில் உடம்பைச் சந்தேகப்பட வேண்டும். காதுக்குள் சீழ், உண்ணி, பாதத்தில் நெருஞ்சி முள், ஆடிப்போன பல், வயதான நாய்க்கு இடுப்பு மூட்டு வலி... எதுவாகவும் இருக்கலாம். அதற்கு வைத்தியம்தான் தேவை, கம்பு இல்லை.

சோற்றுக் காவலுக்கு என்ன வழி?

கேள்வி கேட்ட வாசகரின் வீட்டுக்கு வருவோம். முதல் வேலை, இன்றைக்கே வட்டிலின் இடத்தை மாற்றுவது. ஆள் நடமாட்டம் இல்லாத மூலையில், தினமும் ஒரே நேரத்தில் சோறு வைத்துவிட்டு, தின்று முடித்து நாய் நகரும் வரை பேரன் அந்தப் பக்கமே போகக் கூடாது. ஒன்றுக்கு மேற்பட்ட நாய்கள் இருந்தால் தனித்தனி வட்டில், தனித்தனி இடம். பல வீடுகளில் இதுவே போதும்.

'தின்னும்போது கையை விட்டுப் பழக்கினால் சரியாகிவிடும்', 'நடுவில் வட்டிலைப் பிடுங்கித் திரும்பக் கொடுத்தால் யார் எஜமான் என்று புரியும்' என்று சொல்வார்கள். இரண்டும் எதிர்மறையான பலனைத்தான் தரும். சோறு போய்விடும் என்று பயப்படுகிற நாயிடம், உண்மையாகவே சோற்றைப் பிடுங்கிக் காட்டுவது அதன் பயம் சரிதான் என்று சொல்வதாகும்.

செய்ய வேண்டியது இதற்கு நேர்மாறு. பெரியவர் ஒருவர் நாய் உறுமாத தூரத்தில், பத்தடி என்றால் பத்தடியில், நடந்து போகும்போது வட்டில் பக்கம் ஒரு கருவாட்டுத் துண்டையோ வேகவைத்த முட்டைத் துண்டையோ வீசிவிட்டு, நிற்காமல் போய்விட வேண்டும். வட்டிலில் இருப்பதைவிட வீசுவது ருசியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். சில நாள்களில் ஆள் வருவதைப் பார்த்ததும் நாய் வாலைக் குழைத்துத் தலையைத் தூக்கும். அப்போது தூரத்தைக் கொஞ்சம் குறைக்கலாம். உறுமினால் அவசரப்பட்டுவிட்டோம் என்று அர்த்தம், இரண்டடி பின்னால் போக வேண்டும். வாரக்கணக்கில் ஆகும். இதைக் குழந்தைகள் செய்யக் கூடாது. ஏற்கெனவே கடித்த நாய் என்றால் கால்நடை மருத்துவரிடம் காட்டாமல் எதையும் தொடங்கக் கூடாது.

குரைப்பு சொல்லும் சேதி

இரவில் தோட்டத்துக் கட்டிலில் படுத்திருக்கும் விவசாயிக்கு, எழுந்து போகாமலே தெரியும், நாய் ஆளைப் பார்த்துக் குரைக்கிறதா, பன்றியைப் பார்த்துக் குரைக்கிறதா என்று. பாம்பைக் கண்ட நாய் ஒரே இடத்தைப் பார்த்து, முன்னால் பாய்வதும் பின்னால் துள்ளுவதுமாகக் குரைக்கும். இந்த அனுபவ அறிவுக்கு ஆதரவாக ஆய்வும் உண்டு. கலிபோர்னியாவில் சோபியா யின் என்ற கால்நடை மருத்துவர் 10 நாய்களின் குரைப்பைப் பதிவு செய்து, 2002-ல் வெளியிட்டார். அழைப்பு மணியைக் கேட்டுக் குரைக்கும்போது சத்தம் கரகரப்பாக, தாழ்ந்து, இடைவெளி இல்லாமல் வந்தது. தனியாக அடைத்து வைத்தபோது குரல் உயர்ந்து, ஒவ்வொன்றாக, இடைவெளி விட்டு வந்தது.

பகல் முழுக்கக் கட்டிக்கிடக்கும் நாய் 'வள்... வள்...' என்று விட்டு விட்டுக் குரைத்துக்கொண்டே இருந்தால் அது காவல் இல்லை, தனிமை. அவிழ்த்துக்கொண்டு வயலைச் சுற்றி ஒரு நடை போய் வந்தால் குறையும்.

குரல் மாறினால் உஷார்!

இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும்தான் நினைவில் வைக்க முடியும் என்றால், அது இதுவாக இருக்கட்டும். நாயின் குரலே மாறிவிட்டால், அதாவது கம்மி, உடைந்து, பாதிக் குரைப்பு பாதி ஊளையாக வந்தால், வெறிநோயைச் சந்தேகப்பட வேண்டும். நோய்க்கிருமி தொண்டைத் தசைகளைச் செயலிழக்கச் செய்வதால் குரல் மாறுகிறது. விழுங்க முடியாமல் எச்சில் வழியும். கீழ்த்தாடை தொங்கும். பார்த்தால், தொண்டையில் எலும்பு சிக்கியதைப் போலவே இருக்கும்.

பாசமாக வளர்த்தவர் என்ன செய்வார்? வாயைத் திறந்து கையை உள்ளே விட்டு எலும்பைத் தேடுவார். கடியே இல்லாமல், விரலில் இருக்கும் சின்னக் கீறல் வழியாக எச்சிலில் உள்ள கிருமி உள்ளே போய்விடும். மாட்டிலும் இதே கதைதான். வெறிநாய் கடித்த மாடு கம்மிய குரலில் ஓயாமல் கத்தும், எச்சில் வடிக்கும். மாங்கொட்டை சிக்கிக்கொண்டது என்று நினைத்துக் கையை விட்டுவிடுவார்கள். இப்படிப்பட்ட கால்நடையின் வாய்ப்பக்கமே போகாமல், மற்ற கால்நடைகளிடம் இருந்து தள்ளி வைத்து, உடனே கால்நடை மருத்துவரை அழைக்க வேண்டும்.

கடி பட்டாலும், கீறல் மேல் எச்சில் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். மஞ்சள், மிளகாய்த்தூள், சுண்ணாம்பு எதையும் வைக்கக் கூடாது. அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். தோலில் போடும் தடுப்பூசியை முதல் நாள் தொடங்கி, அதிலிருந்து 3, 7, 28-ம் நாள்களில் போடுவார்கள். ரத்தம் வந்த காயம் என்றால் காயத்தைச் சுற்றி இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் தேவைப்படும். 'வீட்டு நாய்தானே, பத்து நாள் பார்த்துவிட்டுப் போகலாம்' என்று ஊசியைத் தள்ளிப்போடக் கூடாது. நாயைப் பத்து நாள் கவனிப்பது ஊசியைத் தொடங்கிய பிறகுதான். நோய் அறிகுறி வந்துவிட்டால் காப்பாற்ற மருந்து இல்லை.

குட்டிக்கு மூன்று மாதத்தில் வெறிநோய்த் தடுப்பூசி, பிறகு ஆண்டுக்கு ஒரு முறை. செப்டம்பர் 28 உலக வெறிநோய் தினத்தை ஒட்டிக் கால்நடை மருத்துவமனைகளில் இலவச முகாம்கள் நடக்கும்.

வாசகர்களின் வேறு சில கேள்விகள்

*குரைக்கிற நாய் கடிக்காது என்பது உண்மையா?*

குரைக்கிற நாயும் கடிக்கும். ஆனால் குரைத்து, உறுமி, நமக்கு விலக நேரம் கொடுத்துவிட்டுக் கடிக்கும். அப்படி உறுமும் நாயைப் பார்த்தால் ஓட வேண்டாம். கண்ணோடு கண் பார்க்காமல், கையை உடம்போடு ஒட்டி வைத்துக்கொண்டு, பக்கவாட்டில் மெதுவாக விலக வேண்டும்.

*இரவில் நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று வீட்டில் பயப்படுகிறார்கள். விரட்டலாமா?*

ஊளை தூரத்தில் இருக்கும் இன்னொரு நாய்க்கான அழைப்பு. நரி ஊளையிட்டாலும், ஆம்புலன்ஸ் போனாலும் பதில் கொடுக்கும். பெட்டை பருவத்துக்கு வரும் காலத்தில் இன்னும் அதிகம். விரட்ட வேண்டியதில்லை. ஊளையோடு குரலும் கம்மியிருந்தால் மட்டும் மேலே சொன்னதைப் பாருங்கள்.

*எங்கள் வெள்ளை ராஜபாளையம் கூப்பிட்டால் திரும்பாது. தூங்கும்போது தொட்டால் உறுமிக்கொண்டு எழுகிறது. முரட்டு ஜாதி என்பதாலா?*

காது கேட்கிறதா என்று முதலில் பாருங்கள். ராஜபாளையம் நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருக்கும். நாய் வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருக்கும்போது பின்னால் நின்று ஈயச் சட்டியைத் தட்டிப் பாருங்கள். தரையில் ஓங்கி மிதிக்காதீர்கள், அதிர்வை வைத்துத் திரும்பிவிடும். காது அசையவில்லை என்றால், அது திடுக்கிட்டு எழுகிறது, அவ்வளவுதான். அதை எழுப்ப வேண்டுமானால் தள்ளி நின்று தரையை மிதியுங்கள், அல்லது மூக்குக்குப் பக்கத்தில் வாசனை வரும்படி கொஞ்சம் தீனியைக் காட்டுங்கள். தூங்கும்போது குழந்தைகள் தொடாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அந்த நாயை இனச்சேர்க்கைக்கு விடாதீர்கள். புதிதாகக் குட்டி வாங்குகிறவர்கள், பணம் கொடுப்பதற்கு முன்பே இந்தச் சட்டிச் சோதனையைச் செய்துவிடுவது நல்லது.