சிறுவர்க்கேற்ற முதல் தூண்டில்

இளமையிற் பயின்ற பொழுதுபோக்குக்கள் முதுமைகாறும் உடன் வருவன. அவற்றுள் தூண்டிலிட்டு மீன் பிடித்தலும் ஒன்று. ஆங்கிலேயராகிய ஐசக் வால்ட்டன் என்பார் 1653-ம் ஆண்டிலேயே இதனைப் பொருளாகக் கொண்டு ஒரு நூல் இயற்றினார். அஃது இன்றும் படிக்கப்பட்டு வருகின்றது. பொறுமையையும் உன்னிப்பையும் ஒருங்கே பயிற்றுவது இக்கலை. எனினும், முதல் நாளிலே சிக்குண்ட நரம்போடு போராடிக் கண்கலங்கி வீடு திரும்பிய குழந்தை, மறுநாள் நீர்க்கரைக்கு வர விரும்புவதில்லை. ஆதலின், ஐந்தாறு வயதுக் குழந்தைக்கு முதன்முதல் வாங்கித் தரும் கோலும் ரீலும் எத்தகையனவாதல் வேண்டும் என்பதை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

ரீல் என்பது நரம்பைச் சுற்றிவைத்து, வேண்டுங்கால் விடவும் இழுக்கவும் உதவுங் கருவி. சிறுவர்க்கு வாங்கப் புகுவோர் கடையிற் காண்பன பெரும்பாலும் மூவகை. முதலாவது, எறியுந்தோறும் சுழலும் உருளையையுடையது. வீசப்பட்ட தூண்டில் வேகந் தணிந்த பின்னரும் உருளை சுழன்றுகொண்டேயிருக்கும். பெருவிரலால் அதனை உரிய காலத்தில் அடக்காவிடின் நரம்பு குருவிக்கூடுபோற் சிக்குறும். இது பழகிய கைக்கே உரியது. இரண்டாவது, உருளை அசையாது நிற்க, நரம்பு அதன் விளிம்பின் வழியே வளையம் வளையமாகக் கழன்று செல்வது. விரலால் நரம்பைப் பற்றிக்கொண்டு, கம்பி வளைவைத் திறந்து, வீசும்போது உரிய நொடியில் விரலை விடல் வேண்டும். எட்டு ஒன்பது வயதினர்க்கு இது கைவரும். ஐந்து வயதினர்க்கு அரிது. மூன்றாவது, அசையாத உருளையின்மேல் மூடியிட்டு, அதன் மூக்கிலுள்ள துளை வழியே நரம்பு வெளிவருமாறு அமைத்தது. சிறு குழந்தைக்கு ஏற்றது இதுவே.

இவ்விரண்டு பிற்பட்ட கருவிகளும் தோன்றிய வரலாறு சுவையுடையது. நூற்பாலைத் தொழிலில் ஈடுபட்டிருந்த ஆல்பிரட் இல்லிங்வொர்த் என்னும் ஆங்கிலேயர், அசையாத உருளையின் நுனி வழியே இழை தடையின்றிக் கழலும் முறையைத் தூண்டிற் கருவிக்கு அமைத்து 1905-ம் ஆண்டில் உரிமைப்பத்திரம் பெற்றார். பின்னர், அமெரிக்க நாட்டில் ஆர்.டி. ஹல் என்பார், மளிகைக் கடையில் ஒருவர் பொட்டலங் கட்டுதற்குப் பெரிய கண்டிலிருந்து நூலைச் சிக்கின்றி இழுப்பதைக் கண்டு, மூடியிட்ட ரீலை அமைக்கும் எண்ணம் பெற்றார் என்பர். எண்ணெய்க் கிணறுகட்கு வெடிகள் செய்துவந்த ஒக்லஹோமாவின் டல்சா நகரத்துக் கம்பெனியொன்று அதனை ஏற்று, 1949-ம் ஆண்டில் விற்பனைக்குக் கொணர்ந்தது. அதுவே ஜெப்கோ என்னும் பெயரால் வழங்குவது. அக்கம்பெனி பின்னர் வெடித் தொழிலையே கைவிட்டது.

இம்மூடிய ரீலின் பின்புறத்தே ஒரு பொத்தான் உண்டு. அதனை அழுத்திக்கொண்டே கோலைப் பின்னே உயர்த்தி, முன்னோக்கி வீசுங்கால் விரலை எடுத்துவிட்டால் நரம்பு ஓடும். கைப்பிடியைச் சுழற்றத் தொடங்கியதும் மீண்டும் பூட்டிக்கொள்ளும். பிற ரீல்களைப்போல் இது நெடுந்தூரம் எறியாது. ஆயினும் குழந்தைக்கு வேண்டுவது தொலைவன்று. தன் கையால் தானே எறிந்தோம் என்னும் மகிழ்ச்சியே.

வாங்குங்கால் குழந்தையையும் கடைக்கு அழைத்துச் செல்க. அதன் பெருவிரல் பொத்தானை எட்டுகின்றதா, எளிதில் அழுத்துகின்றதா என்று காண்க. நரம்பைக் கையால் வலிந்து இழுத்துப் பார்க்க. ஓரளவு இழுப்புக்குப் பின் ரீல் நெகிழ்ந்து கொடுத்தல் வேண்டும். அங்ஙனம் நெகிழாதது, பெருமீன் இழுக்குங்கால் நரம்பு அறுவதற்கே ஏதுவாகும். வண்ணப் படங்களைக் கண்டு மயங்கி விளையாட்டுப் பொருளையொத்த கருவியை வாங்குதல் வீண்செலவு.

இனி, கோல். நாலடி முதல் ஐந்தடி வரை நீளமுள்ளது போதும். அதனினும் நெடியது சிறு கைக்குப் பாரமாகும். மிகக் குறியது நன்கு எறியாது. கரிநாரினாற் செய்த கோல் இலேசானதேனும், கல்லில் மோதினும் கதவிடுக்கில் அகப்படினும் முறியும்; கண்ணாடி நாரினாற் செய்தது சற்றுக் கனமுடையதேனும் அடிபொறுக்கும். குழந்தை கோலைத் தரையில் இழுத்துச் செல்லும் என்பதை மறவற்க. நரம்பு, ஆறு முதல் எட்டு இராத்தல் இழுப்பைத் தாங்குவதாயின் அமையும். நம் கடற்கரையோர் தங்கூசி என்று வழங்கும் நைலான் நரம்பே தக்கது.

மூன்று நான்கு வயதுக் குழந்தைக்கோ ரீலே வேண்டா. மெல்லிய மூங்கிற் கழியின் நுனியில் நரம்பைக் கட்டி, தக்கையும் முள்ளும் கோத்துக் கொடுத்தால் அதுவே போதும். தக்கை அமிழ்வதைக் காணும் வியப்பு எக்கருவிக்கும் ஒன்றே.

கருவியினும் இன்றியமையாதது காப்பு. முதற் பயிற்சி முள்ளின்றி, சிறு இரப்பர்க் கட்டையை நுனியிற் கட்டி, வீட்டு முற்றத்திலே நடைபெறுக. வீசுமுன் பின்னே திரும்பிப் பார்க்கும் பழக்கம் அங்கேயே வேரூன்றல் வேண்டும். பிறர் கண்ணுக்கு ஊறு நேராமற் காப்பது அதுவே. முள்ளின் எதிர்க்கூரைக் குறட்டால் நசுக்கிவிட்டால், விரலிற் பாய்ந்தாலும் எளிதில் வரும். விடுவிக்கும் மீனுக்கும் வருத்தங் குறையும். நீர்க்கரையில் குழந்தைக்கு மிதவைச் சட்டை அணிவிப்பதும், கைக்கெட்டும் தொலைவில் பெரியவர் ஒருவர் நிற்பதும் தவிரற்பாலன அல்ல. அறுந்த நரம்பைக் கரையில் எறிதல் கூடாது. பறவைகளின் கால்களை அது பிணித்துக் கொல்லும். அன்னங்கள் ஈயக் குண்டுகளை விழுங்கி மாண்டமையால், இங்கிலாந்தில் 1987-ம் ஆண்டு முதல் தூண்டிலுக்குரிய சிறு ஈயக் குண்டுகள் பெரும்பாலும் தடுக்கப்பட்டுள்ளன. ஈயமல்லாத குண்டுகளையே நாமும் தேர்தல் நன்று.

இறுதியாகப் பெற்றோர்க்கு ஒரு சொல். அன்றைய தினம் தம் தூண்டிலை வீட்டிலேயே வைத்துச் செல்க. புழு கோத்தலும் சிக்கெடுத்தலுமே அவர் தொழிலாகுக. பெருமீன் உள்ள ஆழ்நீரை நாடாது, சிறு கெண்டைகள் அடிக்கடி கடிக்கும் கரையோரத்தை நாடுக. குழந்தை சலித்துக் கல்லெறிந்து விளையாடத் தொடங்கின், அதனைக் கடியாது கோலைச் சுருட்டி வீடு திரும்புக. இன்னுஞ் சிறிது இருந்திருக்கலாமே என்னும் ஏக்கத்தோடு திரும்பும் குழந்தைதான், மறு வாரமும் தானே கோலை எடுத்துக்கொண்டு வாயிலில் வந்து நிற்கும்.