குறுக்குவிசாரணையும் ஒரு பட்டியலும்

வழக்காடல் என்றதும் இடிமுழக்கமான பேச்சையே நம்மிற் பலர் எண்ணுவர். கல்லூரி விவாத மேடை நமக்கு ஊட்டிய மயக்கம் அது! சட்டத்தரணிகள் தம்முள் வியந்து பேசிக்கொள்வதோ நீண்ட உரைகளையன்று. உரிய வேளையிற் கேட்கப்பட்ட சிறு வினாக்களையே. இதற்கு உதாரணந் தேடி நாம் அயல்நாடு செல்ல வேண்டியதில்லை.

2009 மே மாதம், போர் முடிவுற்ற வேளையில், முல்லைத்தீவு வட்டுவாகலிலே தம் உறவினரை இராணுவத்திடம் கையளித்ததாகக் கூறிய குடும்பத்தினர், 2013 இல் வவுனியா மேல் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனுக்களைத் தாக்கல் செய்தனர். அனந்தி சசிதரன் மனுதாரருள் ஒருவர். சட்டத்தரணி கே. எஸ். இரத்தினவேல் அவர்களுக்காகத் தோன்றினார். முன்னாளில் இத்தகைய மனுவுடன் கொழும்புக்கே செல்லல் வேண்டும். 1987 இன் பதின்மூன்றாவது திருத்தமே மாகாண மேல் நீதிமன்றங்களுக்கும் இவ்வதிகாரத்தை அளித்தது. சாட்சிகளை விசாரிக்கும் பணி முல்லைத்தீவு நீதவானிடம் ஒப்புவிக்கப்பட்டது.

இவ்வகை வழக்கின் நுட்பம் யாது? கையளிக்கப்பட்டவருக்குப் பின்னர் நேர்ந்தது என்னவென்று மனுதாரர் நிறுவ வேண்டியதில்லை. அதனை அவர் எங்ஙனம் அறிவார்? கையளித்தமையை நிறுவினாற் போதும். விடைகூறும் பொறுப்பு எதிர்த்தரப்பைச் சாரும். 1994 இல், லீடா வயலட் வழக்கில், ஆள் கொணரப்படாதபோதும் காவலில் எடுத்தோர் பொறுப்பினின்று தப்பவில்லை. மனுதாரருக்குப் பணஞ் செலுத்துமாறு மேன்முறையீட்டு நீதிமன்றம் அவர்களைப் பணித்தது.

ஆனால், எவரும் தம்மிடம் கையளிக்கப்படவில்லை என எதிர்த்தரப்பு மறுத்துவிட்டால்? மனைவியின் சொல்லும் அதிகாரியின் சொல்லும் எதிரெதிரே நின்றுவிடும். அவ்விடத்திற் குற்றஞ்சாட்டிக் குரலுயர்த்தும் சட்டத்தரணிக்குக் கிட்டுவது இன்னொரு மறுப்பே. ஏடுகளைப் பற்றி அமைதியாக வினவுபவருக்கே வழி திறக்கும். படையென்பது பதிவேடின்றி இயங்குவதில்லையன்றோ?

முல்லைத்தீவில் நிகழ்ந்ததும் அதுவே. சரணடைந்தோர் பட்டியல் தமது பிரிவிடம் உண்டென, குறுக்குவிசாரணையில் 58 ஆவது படைப்பிரிவின் தளபதி கூறினார். அதனைக் கொணருமாறு நீதவான் பணித்தார். பின்னர் வந்தது புனர்வாழ்வு பெற்றோர் பட்டியலே என மனுதாரர் தரப்பு மறுத்தது. ஆயினும், கூறிய சொல் வழக்கேட்டில் ஏறிவிட்டது. அதனை எவராலும் அழித்தல் இயலாது.

2022 டிசெம்பரில், அனந்தியின் கணவர் எழிலன் உள்ளிட்டோரை முன்னிலைப்படுத்துமாறு வவுனியா மேல் நீதிமன்றம் இராணுவத்துக்குக் கட்டளையிட்டது. குறித்த நாளில் எவரும் கொணரப்படவில்லை.