படூர் வட்டாரத்தில் வறட்சியும் மழைமிகுதியும்

செங்கல்பட்டு மாவட்டத்தில், பழைய மாமல்லபுரம் சாலையில் நாவலூருக்கும் கேளம்பாக்கத்துக்கும் இடையே அமைந்துள்ள ஊர் படூர். ஊருக்குக் கிழக்கே பக்கிங்காம் கால்வாயும் முட்டுக்காட்டுக் கழிமுகமும், அவற்றுக்கு அப்பால் வங்கக் கடலும் உள்ளன. இந்தக் கடற்கரை வட்டாரத்தில் ஓர் ஆண்டு தெருவில் வெள்ளம் நிற்பதும், அடுத்த ஆண்டிலேயே தண்ணீர் லாரிக்குக் காத்திருப்பதும் புதியவை அல்ல. ஆசியக் கண்டத்தின் நீண்டகால வறட்சிப் பதிவுகளோடு இவ்வட்டாரத்தின் மழையை ஒப்பிடும்போது, இரண்டும் பல ஆண்டுகளில் ஒத்துப்போவதில்லை என்பது தெரிகிறது. அதற்கான காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

மர வளையப் பதிவு

மழைமானிகள் வருவதற்கு முந்தைய காலத்தை அறிய மரங்களே துணை. நல்ல மழை பெய்த ஆண்டில் மரத்தின் வளர்ச்சி வளையம் அகலமாகவும், வறண்ட ஆண்டில் குறுகலாகவும் அமையும். எட்வர்டு குக் தலைமையிலான ஆய்வாளர்கள் ஆசியாவில் 300-க்கும் மேற்பட்ட இடங்களின் மர வளையங்களைக் கொண்டு, 1300 முதல் 2005 வரை ஆண்டுவாரியாக ஒரு வறட்சி வரைபடத் தொகுப்பை உருவாக்கி 2010-இல் வெளியிட்டனர். அமெரிக்க வானிலையாளர் பால்மர் 1965-இல் வகுத்த வறட்சிச் சுட்டெண் இதில் பயன்படுத்தப்பட்டது. சுழியத்துக்குக் கீழே செல்லச் செல்ல வறட்சி. மேலே சென்றால் ஈரம்.

இத்தொகுப்பு நான்கு பெரும் வறட்சிகளை எடுத்துக்காட்டுகிறது. 1638–41-இல் சீனாவில் மிங் பேரரசின் வீழ்ச்சியை ஒட்டி வந்தது முதலாவது. அடுத்தவை 1756–68, 1790–96, 1876–78 ஆண்டுகளுக்குரியவை.

இதைப் படிக்கும் மாணவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். வரைபடத்தில் காட்டப்படுவது சூன் முதல் ஆகத்து வரையிலான கோடைக்கால நிலை மட்டுமே. இந்தியாவின் பெரும்பகுதிக்கு அது பொருந்தும். படூருக்கு முழுமையாகப் பொருந்தாது.

இரு பருவமழைகள்

சென்னை, செங்கல்பட்டுக் கடற்கரை ஆண்டில் பெறும் மழையில் ஏறத்தாழ 60 சதவீதம் அக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் வடகிழக்குப் பருவமழையே. அதுவும் நாள்தோறும் சீராகப் பெய்வதில்லை. வங்கக் கடலில் உருவாகும் சில காற்றழுத்தத் தாழ்வுகளும் புயல்களும் அந்த ஆண்டின் கணக்கைத் தீர்மானித்துவிடுகின்றன. அவற்றில் இரண்டு மூன்று ஆந்திரக் கரைக்குத் திரும்பிவிட்டால் இங்கு வறட்சி. இங்கேயே நின்று பொழிந்தால் வெள்ளம்.

பசிபிக் பெருங்கடல் வழக்கத்தைவிட வெப்பமாகும் எல் நீனோ ஆண்டுகளில் தென்மேற்குப் பருவமழை பெரும்பாலும் குறைகிறது. ஆனால் அக்டோபருக்குப் பின் அதே எல் நீனோ, வங்கக் கடலிலிருந்து வீசும் ஈரமான கீழைக்காற்றை வலுப்படுத்தி, தமிழகக் கரைக்குச் சராசரியாகக் கூடுதல் மழையைத் தருகிறது. நாடு வறளும்போது இக்கரை நனைவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

2015 இதற்குத் தெளிவான சான்று. அவ்வாண்டு நாட்டின் தென்மேற்குப் பருவமழை இயல்பைவிட 14 சதவீதம் குறைந்தது. டிசம்பர் 1 அன்று தொடங்கி 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ., செம்பரம்பாக்கத்தில் 47 செ.மீ. மழை கொட்டியது. மறு ஆண்டு தமிழகத்தில் வடகிழக்குப் பருவமழை 62 சதவீதம் குறைந்தது. 2017 சனவரியில் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவை என மாநில அரசு அறிவித்தது. இதை விதியாகவே எடுத்துக்கொள்ளக் கூடாது. 2021 நவம்பரில், எல் நீனோவுக்கு நேர்மாறான லா நீனா நிலவியபோதும் சென்னை வெள்ளத்தில் மிதந்தது.

தாது வருடப் பஞ்சம்

இரு பருவமழைகளும் அடுத்தடுத்துப் பொய்த்தால் என்ன ஆகும் என்பதற்குத் தாது வருடம் சான்று. 1876 இறுதியில் வடகிழக்குப் பருவமழை பொய்த்தது. 1877-இல் எல் நீனோ வலுப்பெற, தென்மேற்குப் பருவமழையும் பொய்த்தது. இப்பஞ்சத்தில் இந்தியாவில் அரைக் கோடிக்கும் மேற்பட்டோர் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. சென்னை மாகாணம் மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்ட பகுதிகளுள் ஒன்று. மழையின்மை மட்டுமே இவ்வளவு சாவுக்குக் காரணம் அன்று. விலையேற்றமும், பிரித்தானிய அரசு நிவாரணத்தில் காட்டிய கஞ்சத்தனமும் அதற்குச் சம காரணங்கள்.

கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் சுமார் 8 கி.மீ. கால்வாய் 1877–78-இல் பஞ்ச நிவாரண வேலையாக வெட்டப்பட்டது. அப்போதைய ஆளுநர் பக்கிங்காம் கோமகனின் பெயர் முழுக் கால்வாய்க்கும் வந்தது. படூருக்குக் கிழக்கே செல்லும் தென்பகுதி அதற்கு முன்பே வெட்டப்பட்டிருந்தது.

ஏரிகள்

செங்கல்பட்டு 'ஏரி மாவட்டம்' என்று பெயர் பெற்றது. சில நாள் மழையை ஆண்டு முழுவதும் வைத்துக்கொள்ளும் ஏற்பாடு அது. ஓர் ஏரியின் கலங்கல் வழியே வழியும் நீர் அடுத்த ஏரிக்குச் செல்லும்; மதகு வழியே வயலுக்குப் பாயும். உத்திரமேரூரில் உள்ள பத்தாம் நூற்றாண்டு முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டுகள், ஏரியைப் பராமரிக்க 'ஏரி வாரியம்' குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்டதைக் கூறுகின்றன.

1790-களில் இப்பகுதியின் ஆட்சியராக இருந்த லயோனல் பிளேஸ், மதுராந்தகம் ஏரிக்கரை உடையாமல் இராமர் காத்ததைக் கண்டதாக ஊர் வழக்கு உண்டு. அக்கோயில் இன்றும் 'ஏரி காத்த இராமர்' கோயில் எனப்படுகிறது. கண்ட வரைபடத்தில் பெரும் வறட்சியாகத் தெரியும் அதே பத்தாண்டில், இங்கு மக்கள் நினைவில் நிற்பது ஏரி நிரம்பி உடையப்போன கதை! நம்பிக்கைக் கதையை மழைச் சான்றாகக் கொள்ள முடியாதுதான்.

இன்றைய போக்கு

புவி அறிவியல் அமைச்சகத்தின் 2020 அறிக்கையின்படி, 1951 முதல் 2015 வரை இந்தியாவின் தென்மேற்குப் பருவமழை ஏறத்தாழ 6 சதவீதம் குறைந்துள்ளது. வறட்சியின் பரப்பும் கூடியுள்ளது. அதே வேளையில் காற்று ஒரு டிகிரி செல்சியசு வெப்பமானால் சுமார் 7 சதவீதம் கூடுதல் ஈரத்தைத் தாங்கும். அதனால் பெய்யும்போது பேய்மழையாகப் பெய்கிறது.

படூர் பகுதியில் நிலப் பயன்பாடும் மாறிவிட்டது. 2019 கோடையில் சென்னையின் நான்கு முதன்மை நீர்த்தேக்கங்களும் ஏறத்தாழ வறண்டபோது, இச்சாலையின் தகவல் தொழில்நுட்ப நிறுவனங்கள் சில ஊழியர்களை வீட்டிலிருந்தே பணிபுரியச் சொல்லின. அருகிலுள்ள நெம்மேலியில் கடல்நீரைக் குடிநீராக்கும் நிலையம் 2013 முதல் இயங்குகிறது. நாளொன்றுக்கு 15 கோடி லிட்டர் திறனுள்ள இரண்டாம் நிலையம் 2024-இல் திறக்கப்பட்டது. மழைக்காலத்தில் தென்சென்னையின் நீர் பள்ளிக்கரணையிலிருந்து ஒக்கியம் மடுவு வழியே பக்கிங்காம் கால்வாயை அடைந்து, படூரைக் கடந்து முட்டுக்காட்டில் கடலில் சேர்கிறது. அந்த முகத்துவாரம் மணல் மூடிக் கிடந்தால் நீர் வடிவது தாமதமாகும்.