முள் அசையவில்லை, எஞ்சின் ஆயிலின் சூடு எப்படித் தெரியும்?

ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம் தாண்டி தேசிய நெடுஞ்சாலை 744-இல் கொல்லம் பக்கம் போகிறீர்கள். செங்கோட்டைக்கு அப்பால் ஆரியங்காவு மலைப்பாதை. கார் நிறைய ஆள், சாமான். டேஷ்போர்டு முள் மட்டும் அசையவே இல்லை. எல்லாம் சரிதானா?

அந்த முள் காட்டுவது கூலன்ட்டின் சூட்டை. தெர்மோஸ்டாட்டும் ரேடியேட்டரும் அதை ஏறத்தாழ 90 டிகிரியில் பிடித்து வைக்கின்றன. ஆயிலோ பேரிங்குகளின் இடுக்கில் பாய்ந்து சூட்டை நேரடியாக வாங்குகிறது. 110 டிகிரி வரை பொதுவாகப் பயமில்லை. 130-ஐத் தாண்டி நீடித்தால் ஆயில் நீர்த்துப்போகும், சீக்கிரம் கெடும்.

எப்படி அளப்பது? ஆயில் லைனில் ஒரு சென்சார் போதும். சூடு ஏற ஏற அதன் நுனியின் மின்தடை குறையும். அந்த மாற்றத்தை மீட்டர் டிகிரியாகக் காட்டும்.

எங்கே பொருத்துவது? உச்சிவெயிலில் மொட்டைமாடித் தொட்டிக் குழாயைத் திறந்து பாருங்கள். முதலில் வருவது குழாயில் தேங்கிச் சுட்ட நீர். தொட்டி நீரின் சூடு கொஞ்சம் ஓடவிட்ட பிறகே தெரியும். சென்சாரும் அப்படித்தான். கிளைக்குழாயில் ஒதுங்கி நின்றால் தேங்கிய ஆயிலையே அளக்கும். நுனி ஓட்டத்துக்குள் நீட்டியிருக்க வேண்டும்.

ஆயில் கூலருக்குப் போகும் லைனில் வைத்தால் எஞ்சினிலிருந்து வரும் சூடு தெரியும். திரும்பும் லைனில் வைத்தால் ஆறிய பிறகான சூடு. கூலரே இல்லையா? ஃபில்டருக்கும் எஞ்சினுக்கும் நடுவே, சென்சாரைப் பொருத்த இடமுள்ள சாண்ட்விச் பிளேட் போடலாம்.

லைனில் அழுத்தம் உண்டு. புது வாஷர் போட்டு, கசிவு பாருங்கள். ஏற்றத்தில் எண் ஏறிக்கொண்டே போனால், ஆக்ஸிலரேட்டரைத் தளர்த்துங்கள்.