உங்களுக்குத் தெரியுமா? கேப்டனின் வயது என்ன?

● "ஒரு கப்பலில் 26 செம்மறியாடுகளும் 10 வெள்ளாடுகளும் இருக்கின்றன. கேப்டனின் வயது என்ன?" பிரான்ஸின் கிரெனோபிள் நகர ஆய்வாளர்கள் 1970களின் இறுதியில் தொடக்கப்பள்ளிப் பிள்ளைகள் 97 பேரிடம் இந்தக் கணக்கைக் கொடுத்தார்கள். 76 பேர் அந்த எண்களை வைத்தே ஒரு வயதைச் சொல்லிவிட்டார்கள்! அவர்களை மந்தம் என்று நினைக்க வேண்டாம். கணக்கு என்று கொடுத்தால் விடை இருந்தே தீரும் என்று வகுப்பறைதான் அவர்களைப் பழக்கியிருந்தது.

● சீனாவின் சிச்சுவான் மாகாணத்தில் 2018இல் இதே கேள்வி 5ஆம் வகுப்புத் தேர்வில் வந்தது. கப்பல் ஓட்ட வயது வந்திருக்க வேண்டும், அதனால் குறைந்தது 18 என்று ஒரு பிள்ளை எழுதியது. எண்களை ஒதுக்கிவிட்டு, தெரிந்த உலகத்தைத் துணைக்கு அழைத்த அந்த விடைக்கு நான் முழு மதிப்பெண் போடுவேன்.

● சிக்கலை முதலில் கொடுத்து, பாடத்தை அதன் வழியே தேடவைக்கும் முறை குழந்தைகளுக்காகப் பிறந்ததல்ல. கனடாவின் மெக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் 1969இல் தொடங்கியது.

● இந்த முறையில் மாணவர்கள் பலகையில் பிரித்து எழுதுவார்கள்: நமக்குத் தெரிந்தது எது, நாம் ஊகிப்பது எது, இனிமேல் தெரிந்துகொள்ள வேண்டியது எது. ஊகத்தையும் உண்மையையும் பிரித்துப் பார்க்க 8 வயதுப் பிள்ளையாலும் முடியும். ஆனால் ஆசிரியர் பக்கத்திலேயே இருக்க வேண்டும். சொல்லித்தருமுன் மாணவர்களைத் தாங்களே முட்டிமோதவிடும் முறையைப் பற்றிய ஆய்வுகளை 2021இல் தொகுத்துப் பார்த்தபோது, மேல்வகுப்புகளில் பலன் தெரிந்தது. 2 முதல் 5ஆம் வகுப்பு வரை அது உறுதிப்படவில்லை.

● "என் பையன் கண்ணால் பார்த்தால்தான் கற்பான்" என்று பல பெற்றோர் சொல்கிறார்கள். ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு கற்றல் பாணி உண்டு, அதற்கேற்பச் சொல்லிக்கொடுத்தால் நன்றாகப் படிப்பார்கள் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்று 4 உளவியல் ஆய்வாளர்கள் 2008இலேயே எழுதிவிட்டார்கள். ஆனாலும் 2012இல் பிரிட்டன், நெதர்லாந்து ஆசிரியர்களிடம் கேட்டபோது 90 சதவீதத்துக்கும் மேற்பட்டோர் கற்றல் பாணியை நம்பினார்கள். வரைபடத்தை எல்லாப் பிள்ளைகளும் கண்ணால்தான் படிக்க வேண்டும். ராகத்தை எல்லாரும் காதால்தான் கேட்க வேண்டும். வழியைப் பெரும்பாலும் பாடமே தீர்மானிக்கிறது.

● அறிவுத்திறன் ஒன்றல்ல, பலவகை என்னும் கோட்பாட்டை 1983இல் முன்வைத்த உளவியலாளர் ஹோவர்ட் கார்ட்னர், அதைக் கற்றல் பாணியோடு குழப்ப வேண்டாம் என்று பின்னாளில் தாமே விளக்கம் எழுதினார்.