கப்பல் பயிற்சிக்குப் போகும் கணவரும் நாலு நாள் லீவும்

உறையூருக்கும் கடலுக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்பீர்கள். சோழர் தலைநகராக இருந்த காலத்தில் உறையூர்த் துணி கப்பலேறி அயல்நாடு போனது என்று சரித்திரம் படித்தவர்கள் சொல்வார்கள். இன்றைக்குத் துணியோடு நிற்கவில்லை. தறிக்காரர் வீட்டுப் பையனும் குடியானவர் வீட்டுப் பையனும் கப்பல் வேலை தேடிப் புறப்படுகிறார்கள்.

'ஜி.பி. ரேட்டிங்' என்கிற மாலுமி வேலைக்குப் பத்தாவது தேறியிருக்க வேண்டும். வயது பதினேழரைக்கு மேல், 25-க்குள். தூத்துக்குடி, சென்னை போன்ற ஊர்களில் உள்ள பயிற்சி நிலையங்களில் ஆறு மாதம் விடுதியிலேயே தங்கிப் படிக்க வேண்டும். விடியுமுன் எழுந்து உடற்பயிற்சி, அணிவகுப்பு, பிறகு கயிறு முடிச்சு, பெயிண்ட் வேலை, நீச்சல், தீயணைப்பு, முதலுதவி என்று நாள் ஓடிவிடும். செல்போன் கையில் இருக்கும் நேரம் குறைவு. வீட்டிலிருப்பவர்கள் 'போனே எடுக்கலையே' என்று பதற வேண்டாம். எந்தக் கிழமை, எத்தனை மணிக்குப் பேசலாம் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

பணம் கட்டுமுன் ஒரு காரியம் செய்யுங்கள். நிலத்தையோ நகையையோ அடகு வைக்கும் முன்பு கண்ணைப் பரிசோதியுங்கள். இரவில் எதிரே வரும் கப்பலின் இடப்பக்கம் சிவப்பு விளக்கும் வலப்பக்கம் பச்சை விளக்கும் எரியும். அதைப் பார்த்துத்தான் அது எந்தப் பக்கம் போகிறது என்று தெரிந்துகொள்ள முடியும். ஆகவே நிறக்குருடு உள்ளவரை இந்த வேலைக்கு எடுக்க மாட்டார்கள். புள்ளிகளுக்குள் எண் மறைந்திருக்கும் படத்தைக் காட்டி டாக்டர் ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். பிறவியிலேயே வரும் இந்தக் குறையைக் கண்ணாடியோ மருந்தோ மாற்றாது. தாய்வழியாகப் பையனுக்கு வருவது இது; அதற்காகத் தாயைக் குறை சொல்வது அறியாமை. நிலையம் கப்பல் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகத்தின் அங்கீகாரம் பெற்றதா என்றும் பாருங்கள். பயிற்சிக் கட்டணம் வேறு, 'வேலை வாங்கித் தருகிறேன்' என்று ஏஜென்ட் கேட்கும் பணம் வேறு. பின்னது சட்டப்படி வாங்கக் கூடாதது.

சரி, பையனுக்குக் கல்யாணமாகியிருந்தால்?

இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதில் மணமுடித்து, ஆறு மாதத்தில் பெட்டி கட்டுகிறவர்கள் உண்டு. 'அவர்தான் ஊரிலேயே இல்லையே, எனக்கெதுக்கு மாத்திரை?' என்று பெண்கள் கேட்கிறார்கள். பிரிந்திருப்பது கருத்தடை முறை ஆகாது. பண்டிகைக்கோ வீட்டு விசேஷத்துக்கோ நாலு நாள் லீவு கிடைக்கும். அந்த நாலு நாள் போதும். கணவர் வருகிற அன்று மாலா-என் மாத்திரையை ஆரம்பித்து, அவர் பஸ் ஏறியதும் நிறுத்துவதில் பிரயோசனம் இல்லை. மாதவிலக்கு தொடங்கிய ஐந்து நாளுக்குள் ஆரம்பித்து, கணவர் இருந்தாலும் இல்லாவிட்டாலும் தினமும் சாப்பிட்டால்தான் அது காக்கும். பால் கொடுக்கும் தாய்மார் குழந்தைக்கு ஆறு மாதம் ஆகும்வரை இதைச் சாப்பிட வேண்டாம். அவர்களுக்கு 'சாயா' மாத்திரை ஏற்றது: முதல் மூன்று மாதம் வாரம் இரண்டு, பிறகு வாரம் ஒன்று. தினமும் ஞாபகம் வைக்க முடியாதவர்கள் காப்பர்-டி பற்றி டாக்டரிடம் கேளுங்கள். வேண்டும்போது எடுத்துவிட்டுப் பிள்ளை பெறலாம். எப்போதாவது வந்து போகிற கணவருக்கு நிரோத்தே சுலபம். இதை மனைவி வாங்கி வைக்கட்டும் என்று விடாமல் அவரே கொண்டுவரலாமே!

தவறிவிட்டால் மூன்று நாளுக்குள், எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது, அவசர மாத்திரை உண்டு. அதையே வழக்கமாக்க வேண்டாம்.

இனி, கணவன்மார் கவனித்துப் படிக்க வேண்டிய விஷயம். கணவர் தீபாவளிக்கு வந்து நாலு நாள் இருந்துவிட்டுப் போனார் என்று வைத்துக்கொள்வோம். ஏழு வாரம் கழித்து மனைவி ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறார். 'ஒன்பது வாரக் கர்ப்பம்' என்று அட்டையில் எழுதுகிறார்கள். விடுதியில் இருக்கிறவர் விரல் விட்டு எண்ணுகிறார்: நான் வந்து ஏழு வாரம்தானே ஆச்சு? பக்கத்து வீட்டிலும் எண்ணுவார்கள், மாமியாரும் எண்ணுவார். இந்த இரண்டு வாரத்தை வைத்து ஒரு பெண்ணை எத்தனை கேள்வி கேட்டுவிடுவார்கள்!

கணக்கு இதுதான். கரு உண்டான நாள் யாருக்கும் திட்டமாகத் தெரியாது. கடைசி மாதவிலக்கின் முதல் நாள்தான் பெண்ணுக்குத் தெரிந்த தேதி. ஆகவே உலகம் முழுவதும் டாக்டர்கள் அந்த நாளிலிருந்தே வாரத்தை எண்ணுகிறார்கள். சினைமுட்டை வெளிப்பட்டுக் கரு உண்டாவது அதற்குச் சுமார் இரண்டு வாரம் கழித்து. ஆகவே அட்டையில் இருக்கும் ஒன்பது வாரத்தில் கருவின் உண்மை வயது ஏழு வாரம்தான். பிரசவத்துக்குச் சொல்லும் 280 நாளும் மாதவிலக்குத் தேதியிலிருந்து எண்ணுவதே. ஸ்கேன் கணக்கிலும் சில நாள் முன்பின் இருக்கும். புறப்படுமுன் கணவருக்கும் மாமியாருக்கும் இதைக் கிராம சுகாதார செவிலியர் வாயால் சொல்லக் கேட்பது நல்லது. மனைவி மட்டும் சொன்னால் சமாதானம் சொல்கிறாள் என்பார்கள்.

மாதவிலக்குத் தேதியை வீட்டுக் காலண்டரில் குறித்து வாருங்கள். தள்ளிப்போனால் பன்னிரண்டு வாரத்துக்குள் பதிவு செய்யுங்கள். டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி மகப்பேறு உதவித் திட்டத்துக்கும் அந்தப் பதிவு தேவை. கணவரின் ஆதார் நகலையும் வங்கி விவரங்களையும் அவர் பெட்டியிலேயே கொண்டுபோகாமல் வீட்டில் ஒரு பிரதி வையுங்கள். பிரசவ சமயத்தில் உடன் வர ஒருவரை இப்போதே சொல்லி வைத்து, 108 எண்ணைச் சுவரில் எழுதுங்கள்.

பயிற்சி முடிந்து கப்பல் ஏறினால் பிரிவு இன்னும் நீளும். ஒப்பந்தம் ஒன்பது மாதம் வரைகூடப் போகும். பல துறைமுகம் பார்த்து வருகிறவர் சந்தேகம் இருந்தால் வீட்டுக்கு வருமுன்பே அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் இலவசமாக எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளலாம், முடிவை ரகசியமாக வைப்பார்கள். தொற்று பட்டு முதல் சில வாரங்களில் சோதனையில் தெரியாமலும் போகலாம். அதனால் டாக்டர் சொல்லும் மறுசோதனை வரை நிரோத் பயன்படுத்துங்கள். திருச்சியில் மகாத்மா காந்தி நினைவு அரசு மருத்துவமனைக்குப் போகலாம். விவரம் கேட்க 1097 என்ற எண் இருக்கிறது. மாத்திரை, நிரோத், காப்பர்-டி எல்லாம் உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசம். புறப்படும் தேதி தெரிந்ததும் இருவரும் சேர்ந்தே வாருங்கள்.