பள்ளி நீக்கமும் சட்டத்தின் காவலும்

மாணவன் ஒருவனைப் பள்ளியினின்று நீக்குதல், மாற்றுச் சான்றிதழ் என்னும் ஒரு தாளில் முடிந்துவிடுகிறது. ஆயினும் அத்தண்டனையின் சுமை எல்லார்க்கும் ஒன்றன்று. வசதியுள்ள வீட்டுப் பிள்ளை வேறு பள்ளியிற் சேர்கிறான்; இராதாபுரம் வட்டாரத்தில் பீடி சுற்றும் தாயின் பிள்ளையோ வேலைக்குச் செல்கிறான். இவ்வேற்றத்தாழ்வைச் சட்டம் எந்த அளவிற்குக் களைந்துள்ளது என ஆராய்தல் நம் கடமையாகும்.

1985இல் கேரளத்தில், நாட்டுப்பண் பாடாது மரியாதையுடன் எழுந்து நின்ற மூன்று பிள்ளைகள் பள்ளியினின்று நீக்கப்பட்டனர். பாடுதல் தம் சமய நம்பிக்கைக்கு ஒவ்வாது என்றனர் அவர்கள். 1986 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் அவர்களை மீண்டும் சேர்க்குமாறு ஆணையிட்டது. சட்டவலிமையற்ற துறைச் சுற்றறிக்கையைக் கொண்டு அடிப்படை உரிமையைப் பறித்தல் ஆகாது என்பது அத்தீர்ப்பின் சாரம்.

2010 ஏப்ரல் 1இல் நடைமுறைக்கு வந்த கல்வி உரிமைச் சட்டத்தின் 16ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எப்பிள்ளையையும் நீக்கலாகாது என்கிறது. 17ஆம் பிரிவு உடல் தண்டனையையும் மனத் துன்புறுத்தலையும் தடுக்கிறது. 2019ஆம் ஆண்டுத் திருத்தம், ஐந்து, எட்டாம் வகுப்புகளில் மாணவரைத் தேக்கிவைக்க இடமளித்ததேயன்றி, நீக்கத் தடையை அகற்றவில்லை.

எனினும் இக்காவலில் இரண்டு இடைவெளிகள் உள்ளன. ஒன்று, ஒன்பதாம் வகுப்பிலிருந்து இத்தடை இல்லை. பத்தாம் வகுப்புத் தேர்ச்சி விழுக்காடு குறையுமென அஞ்சும் பள்ளிகள், படிப்பிற் பின்தங்கிய மாணவரின் பெற்றோரை அழைத்து, சான்றிதழை அவர்களே கேட்டுப் பெறுமாறு செய்வதுண்டு. பதிவேட்டில் அது நீக்கமன்று, பெற்றோர் விருப்பம்!

மற்றொன்று நம்மைச் சார்ந்தது. சிறுபான்மையினர் பள்ளிகளுக்கு இச்சட்டம் பொருந்தாதென 2014இல் உச்ச நீதிமன்றத்தின் அரசியலமைப்பு அமர்வு தீர்ப்பளித்தது. 2025 செப்டம்பரில் மற்றோர் அமர்வு அத்தீர்ப்பை ஐயுற்று, பெரிய அமர்வின் ஆய்வு வேண்டித் தலைமை நீதிபதிக்கு அனுப்பியது. அரசியலமைப்பின் 30ஆம் உறுப்பு நம் நிறுவனங்களுக்குக் கோட்டை. அக்கோட்டைக்குள்ளிருக்கும் ஏழைப் பிள்ளைக்குக் காவல் யார்?

நீக்கத் தடையைப் பன்னிரண்டாம் வகுப்புவரை நீட்டித்தல் வேண்டும். குற்றச்சாட்டை எழுத்தில் தருதல், மாணவனையும் பெற்றோரையும் கேட்டறிதல், இடைநீக்கத்திற்கு நாள் வரம்பு, மேல்முறையீடு ஆகியன சட்டமாதல் வேண்டும். அதுவரை காத்திராது, நம் பள்ளிகள் இவற்றைத் தம் விதிகளிலேயே எழுதிக்கொள்ளலாம். ஆராய்ந்து, ஒருபாற் சாயாது முறைசெய்தலையே வள்ளுவரின் செங்கோன்மை அதிகாரம் வற்புறுத்துகிறது. ஓதுமாறு பணித்த இறைவாக்கை முதல் வேதவாக்காகப் பெற்ற சமுதாயம், ஓத வந்த பிள்ளையை விசாரணையின்றி வாயிலுக்கு வெளியே நிறுத்துதல் தகுமோ?